பெரிய வெள்ளிக்கு மறுநாள்

குருசுத்துறையில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது தாயும் இல்லை தகப்பனும் இல்லை, நாள். பிள்ளை எந்தத் திருநாளில் தலையை வெளியே நீட்டுகிறதோ அந்தத் திருநாள் ஒரு பெயரைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருக்கும். மூன்று ராஜாக்கள் திருநாளில் பிறந்தவன் கஸ்பார், மெழுகுதிரித் திருநாளில் பிறந்தவள் தீபராணி, சாம்பல் புதனன்று பிறந்து தபசு காலத்தைத் தொடங்கிவைத்தவன் தபசுமுத்து, குருத்து ஞாயிறில் பிறந்தவள் ஓசன்னா, கிறிஸ்து பிறப்பன்று பிறந்தவள், பறங்கிக் கப்பல்காரர்கள் அந்த நாளுக்கு விட்டுப்போன நத்தார் என்ற பெயரால், நத்தாள். சகல புனிதர் திருநாளில் பிறந்த மீன் வியாபாரிக்குச் சகலம் என்றே பெயர். வெறும் நாளில் பிறந்தவர்களுக்கு அந்த நாளுக்குரிய புனிதரின் பெயர் கிடைத்தது, அவர்கள் திருநாள்காரர்களிடம் சற்றுப் பணிந்து நடந்துகொண்டார்கள்.

இதற்கு ஒரு முறை உண்டு. பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் உபதேசியார் ரெமிஜியூஸ் தோளில் நேரியலைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல், "எந்த நாள்?" என்று கேட்பார். வீட்டார் நாளின் பெயரைச் சொல்வார்கள். அவர் பிள்ளையின் பெயரைச் சொல்வார், ஒரு தம்ளர் காப்பி குடிப்பார், போய்விடுவார். பொழுது சாய்வதற்குள் இது நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை பெயரில்லாமலே வளரும் என்று ஊருக்குப் பயம். அப்படி வளர்ந்த ஒருவரையும் ஊர் பார்த்ததில்லை. பயம் மட்டும் இருந்தது.

வியாகுலம் பெரிய வெள்ளியன்று பிறந்தவள். மத்தியானம் மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விடும் நேரமென்று ஊர் முழுக்கக் கோயிலில் முழந்தாளிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பின்தெருவிலிருந்து வந்த அவளுடைய முதல் அழுகை பீடம்வரை கேட்டது. உபதேசியாருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சிலுவையடியில் நின்ற தாய்க்கு எது இருந்ததோ அதையே பெண்ணுக்குப் பெயராகச் சொல்லிவிட்டு, விரத நாளென்பதால் காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே சிரமம், துயரம் அவளுக்கு வராததுதான். பிறவியிலேயே சிரிப்புக்காரி. கோழி படியேறுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், பிரசங்கத்தில் சாமியாருக்குத் தும்மல் வந்தால் சிரிப்பு வரும், சும்மா இருந்தாலும் வரும். ஆனால் அவள் சிரிப்பதற்கு முன்பே அவளுடைய பெயர் போய் எல்லோர் காதிலும் உட்கார்ந்துகொள்ளும். "பாவம் பிள்ள, மனசுக்குள்ள என்னத்த வெச்சிக்கிட்டு இப்படிச் சிரிக்குதோ" என்பார்கள் பெண்கள். புதுப் படகு கடலில் இறங்கும்போது அவளைக் கொஞ்சம் பிந்தி வரச் சொல்வார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெயரைக் கேட்டதும் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் கல்யாணம் முடிவாகி, பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துக்காரர் போன் செய்து, கறுப்பு மையா சிவப்பு மையா என்று மெதுவாகக் கேட்டார்.

கஸ்பார் அவளைக் கட்டியதற்குக் காரணம் இருந்தது. அவனும் அவனோடு ஒரே நாளில் பிறந்த இரட்டையன் பல்தசாரும் சேர்ந்து வாங்கிய புது எஞ்சினைப் பூட்டிக் கடலில் இறக்கிய அன்று படகு பின்பக்கமாகப் போயிற்று. கரை முழுக்கத் தலையில் கைவைத்து நின்றது. ஒரு பெண் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு படகு எந்தப் பக்கம் போனால் என்ன என்று கஸ்பாருக்குத் தோன்றியது. பல்தசாருக்கு அப்படித் தோன்றவில்லை. எஞ்சினை யார் தப்பாகப் பூட்டியது என்று அண்ணனும் தம்பியும் மணலில் கட்டிப் புரண்டார்கள், பிறகு ஊர் நுழைவில் சிலுவை நிற்கும் குருசடியில் கையை வைத்து, "ஞாயிறு தொட்டுச் சனிவரை வாரத்துல எந்த நாளும் உன் முகத்துல முழிக்க மாட்டேன், உன்கூடப் பேசவும் மாட்டேன்" என்று பல்தசார் சத்தியம் செய்தான். மூன்று ராஜாக்களில் மெல்கியோர் ஏற்கெனவே வரவில்லை, இப்போது இருந்த இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

வியாகுலம் பிள்ளை உண்டானபோது பேறுகாலம் குருத்து ஞாயிறுக்குப் பக்கத்தில் வரும் என்று நத்தாள் சொன்னாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள், அவள் சொன்னால் சரியாக இருக்கும். வியாகுலத்துக்கு அந்த வாரமே நல்ல வாரமாகத் தெரியவில்லை. குருத்து ஞாயிறென்றால் இன்னொரு ஓசன்னா, பாதகமில்லை. பெரிய வியாழனென்றால் நற்கருணை, அதுவும் பாதகமில்லை. நடுவில் அந்த வெள்ளி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதைத் தாண்டிவிட்டால் சனி, மணிகள் திரும்பவும் ஒலிக்கும் அல்லேலூயா சனி, அன்று பிறக்கிற பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க ஒரு வரவேற்பின் நடுவே நடந்துபோகிறவர்கள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்க்கா. எனக்கு வந்தது எனக்குப் போதும்."

"உன் வயித்துல இருக்கிறவங்க காலண்டர் பார்த்தா வருவாங்க?"

"பார்க்கச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

குருத்து ஞாயிறன்று குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனியில் எல்லோரையும் முந்திக்கொண்டு வேகவேகமாக நடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சீரக வெந்நீர் குடித்தாள், கோயில் படிகளில் ஏறி இறங்கினாள், பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவும்போது கடைசி வரிசையில் நின்று, வா வா என்று அடிவயிற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றிரவோடு மணிகள் வாய் மூடின. இனிச் சனிக்கிழமை வரை மணியடிக்கிற கோயில்பிள்ளை மரக்கட்டையைச் சுழற்றி எழுப்பும் கடகட ஓசைதான் மணி, வீடுகளில் அடுப்பு கிடையாது, கோயில் முற்றத்தில் காய்ச்சும் கஞ்சிதான் எல்லோருக்கும். வெள்ளிக்கிழமை, ஆண்டவரின் சுரூபத்தைக் கிடத்திய தூம்பாப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் அழுதுகொண்டே நடந்தபோது, பவனி அவள் வீட்டைக் கடக்கிற இடத்தில், இடுப்பில் முதல் வலி எடுத்தது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு இல்ல" என்றாள், வலியிடம்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள், அங்கே போனால் வெள்ளிக்கிழமையே பிறக்கவைத்துவிடுவார்கள் என்று மறுத்தாள். கால்களைப் பின்னிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் செபமாலைக்குப் பதிலாக நாள்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு, மெழுகுதிரி, சாம்பல், குருத்து, கல்லறை, பரலோக மாதா என்று வரிசை தப்பித் தப்பிச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள். உள்ளே இருந்த பிள்ளையும் வெளியே இருந்த வெள்ளிக்கிழமையும் யார் முதலில் நகர்வது என்று ஒன்றையொன்று பார்த்தபடியே இருந்தன. பொழுது விடிந்தது.

"சனியா? போய்ப் பாருங்க" என்றாள் கஸ்பாரிடம்.

கஸ்பார் சுவரிலிருந்த காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்தான். அடியில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. தேதி இல்லை, கிழமை இல்லை, புனிதர் பெயர் இல்லை, விரதமா இல்லையா என்ற குறியும் இல்லை. அதற்கு அடியில் சனிக்கிழமை தன்பாட்டுக்கு இருந்தது. அவன் தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். மற்ற தாள்களைப் போலத்தான் இருந்தது, ஒழுங்காகத் தைக்கப்பட்டிருந்தது.

"இன்னும் இல்ல பிள்ள" என்றான். "ஆனா வெள்ளியும் போயிட்டு."

எல்லா வீட்டுக் காலண்டர்களிலும் அதே வெள்ளைத்தாள் இருந்தது. போன்கள் மணியைச் சரியாகக் காட்டின, கிழமை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆறரை மணி பஸ் வரவில்லை. வியாகுலத்தை டவுனுக்கு ஏற்றிப்போக வந்த தபசுமுத்து, முதலில் பாதை எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஆட்டோவை எடுத்துப் போனான், குருசடியைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, நேராகப் போய் மறுபடி அதே குருசடியில் வந்து நின்றான். இன்னொரு முறை போனான், இன்னொரு முறை வந்தான். பிறகு, பெட்ரோலை வீணாக்குவானேன் என்று ஆட்டோவை நிழலில் நிறுத்திவிட்டான். "இந்த நாளு நம்ம ஊரோட முடியுது" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். அதற்குமேல் அதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று ஊரும் விட்டுவிட்டது.

விசாரிக்க வேண்டியவை வேறு இருந்தன. கடலுக்குப் போகலாமா கூடாதா? வெள்ளி என்றால் கூடாது, சனி என்றால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இது இரண்டுமில்லை. துணிந்து போன இரண்டு படகுகள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தன. கடல் கழுவிக் கவிழ்த்த தட்டுப் போலக் கிடக்கிறது, மீனுக்கும் இன்று என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது என்றார்கள். விரதமா? ஒரு சாரார் ஆம் என்றார்கள், ஒரு சாரார் தாளில் குறியில்லையே என்றார்கள். எல்லோரும் பங்குச் சாமியார் ஹிலாரியிடம் போனார்கள். சாமியார் பூசைப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். இடப்பக்கம் வெள்ளிக்கிழமையின் கடைசிச் செபம், வலப்பக்கம் சனிக்கிழமையின் முதல் செபம், இரண்டுக்கும் நடுவில் தையல் நூல்.

"ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கேளுங்க சாமி."

"போட்டேன். மணி அடிச்சிக்கிட்டே இருக்கு. எடுக்க அங்க ஆள் இந்த நாள்ல இல்ல."

"அப்ப நாங்க என்ன செய்ய?"

சாமியார் யோசித்தார். சாம்பல் புதனிலிருந்து அவருக்கு ஒரு நாளும் சரியான தூக்கமில்லை. "இதைச் செய்யணும்னு ஒண்ணும் இல்ல, செய்யக்கூடாதுன்னும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து யாரும் அவரைப் பார்த்ததில்லை.

ஒன்றும் செய்ய வேண்டாத ஊர் என்ன செய்யும்? ஏதாவது நடக்கிற இடத்தைத் தேடிப் போகும். அன்றைக்குக் குருசுத்துறையில் நடந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான், வியாகுலத்தின் வலி. முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு அவர்களைக் கூப்பிட வந்த ஆண்கள், பிறகு ஆளுக்கொரு நாற்காலி. தெருவில் கால்வைக்க இடமில்லாமல் போனது.

உள்ளே நத்தாள், "வெந்நீர் வேணும்" என்றாள். அதைக் கஸ்பார் பதற்றத்தில் வாசலில் வந்து நின்று, படகிலிருந்து கரையைக் கூப்பிடுகிற குரலில், "வெந்நீர்!" என்று கத்திவிட்டான். அடுப்பு மூட்டலாமா என்று நாலைந்து பேர் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியார் இரண்டு கைகளையும் விரித்தார். அவ்வளவுதான். வியாழன் சாயங்காலத்திலிருந்து குளிர்ந்து கிடந்த அத்தனை அடுப்புகளும் ஒரே மூச்சில் எரிந்தன, அத்தனை கூரைகளிலிருந்தும் புகை எழுந்து நேராக மேலே போனது, பானைகளிலும் அண்டாக்களிலும் மீன் அவிக்கும் தகரங்களிலும் தண்ணீர் கொதித்தது, பிடிதுணியோடு பெண்களும் கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு ஆண்களுமாக வந்து அவள் வாசலில் வெந்நீரை வைத்தார்கள், வைக்க இடமில்லாமல் அடுத்த வாசலில் வைத்தார்கள், அதற்கடுத்த வாசலில் வைத்தார்கள். எல்லோருக்கும் பின்னால், இடுப்பில் ஒரு பானையோடு, பல்தசார் வந்தான். நாற்காலிக்காரர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"வாரத்துல ஏழு நாளும் பேச மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றான் பல்தசார், தரையைப் பார்த்துக்கொண்டு. "இது அந்த ஏழுல இல்ல."

"எஞ்சினைத் தப்பாப் பூட்டினது நீதான்" என்றான் கஸ்பார்.

"நான்தான். தண்ணி ஆறுது, வாங்குடே."

நத்தாளுக்குத் தேவைப்பட்டது ஒரு சட்டி. மீதி வெந்நீர் தெரு நீளத்துக்கு ஆவி விட்டபடி நின்றது. வெந்நீரைக் கொட்டிவிட யாருக்கும் மனம் வரவில்லை, ஆகவே குளித்தார்கள். தபசு காலம் முழுக்க எண்ணெய் தேய்க்காதவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள், சிறுபிள்ளைகளைத் தேய்த்தார்கள், நடக்கமுடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிவந்து தோளில் ஊற்றினார்கள், ஓசன்னா தன்னுடைய நாயைக் குளிப்பாட்டினாள். வியாழனன்று பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவிய சாமியாரின் காலை யாரோ பிடித்து இழுத்து ஒரு வாளிக்குள் வைத்தார்கள். அவர் கூச்சத்தில் நெளிந்தார், பிறகு மற்றக் காலையும் தானே வைத்தார்.

உபதேசியார் ரெமிஜியூஸ் மட்டும் குளிக்கவில்லை. நேரியலைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறந்துவிட்டால் "எந்த நாள்" என்று கேட்க வேண்டியவர் அவர். வீட்டார் எதைச் சொல்வார்கள், அவர் எதைச் சொல்வார்?

"பேரு இல்லாம ஒரு திருநாள் உண்டா வே?" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயம் இருக்கு. பாஸ்கான்னா கடந்து போறது. எகிப்து தேசத்துல சாவானது வீட்டு வாசல்ல நிக்காமக் கடந்து போச்சுல்லா, அது. பெந்தெகொஸ்தேன்னா கிரேக்கத்துல ஐம்பதாவது. ஐம்பதாவது நாள்ல வந்துச்சு, ஐம்பதுன்னே பேரு. நத்தார்ன்னா பறங்கி பாஷையில பிறப்பு. இன்னைக்கு என்ன நடந்துச்சு சொல்லும், பேரு சொல்லிப்புடலாம்."

"அதெல்லாம் பெரிய பாஷை" என்றார் சகலம், தலையைத் துவட்டிக்கொண்டு. "நம்ம வெச்ச பேரைப் பாரும். குருத்தைப் பிடிச்சோம், குருத்து ஞாயிறு. சாம்பலைப் பூசினோம், சாம்பல் புதன். கல்லறைக்கு வெள்ளையடிச்சித் திரி கொளுத்தினோம், கல்லறைத் திருநாள். கையில என்ன இருந்துச்சோ அதுதான் பேரு. இன்னைக்குக் கையில என்ன இருக்கு?"

எல்லோரும் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்கள்.

"வெந்நீர்த் திருநாள்" என்றாள் ஓசன்னா.

"அப்ப பிள்ளை பேரு?"

"வெந்நீரம்மாள்."

"ஆம்பளன்னா?"

"கொதிநீர்நாதன்" என்று பின்னாலிருந்து பல்தசார் சொன்னான்.

உபதேசியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயைக் கழுவுங்க. வெள்ளிக்கும் சனிக்கும் இடையில வந்த நாள். இடைநாள். பிள்ளை பேரு இடைநாயகி."

உள்ளே, பாயில், வியாகுலம் இது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வலி இப்போது இடைவெளி இல்லாமல் வந்தது. நத்தாள் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இனிப் பிடிச்சு வெக்கக்கூடாது, கேட்டியா? நேத்து நீ பிடிச்சதே அதிகம். பிள்ளைக்கு ஆகாது."

"சனிக்கிழமை வரைக்குந்தானக்கா. அந்தத் தாளுக்கு அடியிலதான் இருக்கு."

"இந்தத் தாளு எவ்வளவு நேரம்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது."

வியாகுலம் சுவரைப் பார்த்தாள். வெள்ளைத்தாள் காற்றில் லேசாகத் தூக்கியபோது அடியில் சனிக்கிழமையின் சிவப்பு எழுத்து தெரிந்தது, தெரிந்து மறைந்தது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு, என்ன காரணத்தாலோ, டவுன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பெடுத்த செண்பகம் டீச்சரின் ஞாபகம் வந்தது. கழுத்தில் விசில் போட்டிருப்பாள். முதல் நாள் எல்லோருடைய பெயரையும் கேட்டுக்கொண்டே வந்து, "வியாகுலம்" என்றதும் முகம் மாறாமல், "சரி, ஓடு" என்றாள். பெயரைக் கேட்டு முகம் மாறாத முதல் ஆள். நீங்கள் எந்த நாளில் பிறந்தீர்கள் டீச்சர் என்று ஒரு தடவை வியாகுலம் கேட்டபோது, "யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு முன்னால ஒரு செண்பக மரம் நின்னுச்சு, எங்கம்மாவுக்குப் பிடிக்கும், வெச்சிட்டா" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினாள். பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு பெயரை வைக்கலாம் என்பதை வியாகுலத்தால் வெகுநாள் நம்பமுடியவில்லை.

வெளியே சகலம் இடைநாயகிக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது ராஜாவைக் காணோமே, பெண்ணாகப் பிறந்தால் மெல்கியோரம்மாள் என்றாவது வைக்கலாமே என்றார். "மெல்கியோரம்மாளுக்கு வெந்நீரம்மாள் தேவலை" என்றான் கஸ்பார், தகப்பனாகப் போகிறவனின் முழு அதிகாரத்தோடு. "அப்ப ரெண்டையும் சேர்த்து வைங்க" என்று சாமியார் வாளிக்குள்ளிருந்து சொன்னார். "வெந்நீர் மெல்கியோரம்மாள் இடைநாயகி. கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை வளர்ந்துரும்."

வியாகுலத்துக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி, எஞ்சின் பின்பக்கமாகப் போன அன்று சிரித்த அதே சிரிப்பு. பின்னியிருந்த கால்கள் தாமாகப் பிரிந்தன. "அப்படித்தான், அப்படியே சிரி, விடாத" என்றாள் நத்தாள். நேற்று முழுக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததை எல்லாம் அவள் விட்டாள், வெள்ளியை விட்டாள், கைக்கெட்டும் தூரத்திலிருந்த சனியையும் விட்டாள், அந்தச் சிரிப்பு முடியுமுன் இன்னொரு சத்தம் அதோடு சேர்ந்துகொண்டது. வெளியே யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. எது தாயின் சத்தம், எது பிள்ளையின் சத்தம் என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொம்பளப் பிள்ள" என்று நத்தாள் ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

உபதேசியார் எழுந்தார். நேரியலைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார். பொழுது மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. கூட்டம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நெருங்கி வந்து நின்றது.

"எந்த நாள்?" என்று கேட்டார். வழக்கமாக அதிரும் குரல் அன்றைக்குக் கொஞ்சம் உள்வாங்கியது.

கஸ்பார் பல்தசாரைப் பார்த்தான். பல்தசார் பானையைப் பார்த்தான்.

"வீட்டார் நாளைச் சொல்லணும்" என்றார் உபதேசியார். "சொல்லாட்டிப் பிள்ளைக்குப் பேரு கிடையாது. நான் என்ன செய்ய முடியும்?"

"உபதேசியாரே" என்று உள்ளேயிருந்து வியாகுலம் கூப்பிட்டாள். குரல் களைத்திருந்தது, அதில் இன்னும் சிரிப்பின் மிச்சம் இருந்தது. "நத்தார்ன்னா என்ன சொன்னீங்க?"

"பிறப்பு. ஏன்?"

"அன்னைக்கு ஒரு பிள்ளை பிறந்துச்சே. அதுக்கு அந்த நாளோட பேரையா வெச்சாங்க?"

உபதேசியார் பதில் சொல்ல வாயெடுத்தார். சிறு வயதிலிருந்து ஆயிரம் தடவை படித்த சுவிசேஷத்தை அவர் மனதுக்குள் வேகமாகப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. தொழுவம் இருந்தது, இடையர்கள் இருந்தார்கள், நட்சத்திரம் இருந்தது, வாசலில் வந்து எந்த நாள் என்று கேட்ட ஒருவர் அதில் இல்லை.

"பிள்ளை பேரு முதல்ல வந்துச்சு" என்றாள் வியாகுலம். "நாளுக்குப் பேரு பிறகுதான வந்துச்சு?"

"அது ஆண்டவருக்கு..." என்று தொடங்கினார் உபதேசியார்.

"மாட்டிக்கிட்டீரே உபதேசியாரே" என்றார் சாமியார், வாளியிலிருந்து காலை எடுக்காமல்.

தெருவில் சிரிப்பு எழுந்தது. நத்தாள் பிள்ளையைத் துணியில் சுற்றி வியாகுலத்தின் கையில் வைத்தாள். வியாகுலம் அதை வாங்கி, முகத்தைப் பார்த்தாள். அதன் முகத்தில் எந்த நாளும் எழுதியிருக்கவில்லை, சுவரிலிருந்த தாளைப் போலவே இருந்தது. அவள் மெதுவாக எழுந்து, நத்தாள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளையே பிடித்துக்கொண்டு, வாசல்நிலை வரை வந்து நின்றாள்.

"இன்னொரு தடவை கேளுங்க."

உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எந்த நாள்?"

"செண்பகத் திருநாள்."

அவர் அவளைப் பார்த்தார், முதல் முறையாக ஒரு வீட்டுக்குள் பார்த்தார். அவளுடைய கையிலிருந்த துணிப்பொதியைப் பார்த்தார். தன்னைச் சுற்றி ஆவி விட்டுக்கொண்டிருந்த பானைகளையும், குளித்துத் தலையில் துண்டோடு நின்ற ஊரையும் பார்த்தார். முறை என்று ஒன்று இருக்கிறது, வீட்டார் நாளைச் சொல்லியாகிவிட்டது.

"பிள்ளை பேரு செண்பகம்" என்றார்.

"அப்படி ஒரு அர்ச்சியசிஷ்டவள் இருக்காங்களா சாமி?" என்று சகலம் கவலையோடு கேட்டார். "ஞானஸ்நானத்துக்கு ஒரு புனிதை பேரு வேணுமே."

"இப்ப இல்ல" என்றார் சாமியார். "இந்தப் பிள்ளை பெரியவளாகி ஏதாவது செய்யட்டும், பார்ப்போம்."

உபதேசியாருக்குக் காப்பி வந்தது. விரதமா இல்லையா என்று யாரையும் கேட்காமல் அவர் அதைக் குடித்தார். பிறகு நேரியலை நாற்காலியில் போட்டுவிட்டு, ஆறிப்போகாத ஒரு பானையைத் தேடிப் பிடித்து, தலைவழியாக ஊற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் ஆறரை மணி பஸ் வந்தது. அது சனிக்கிழமை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வெள்ளியைத் தொட்டுச் சனி வந்திருந்தது, நடுவில் ஒரு இழையும் தெரியவில்லை, குருசுத்துறைக்காரர்கள் மட்டும் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அன்றிரவு மணிகள் ஒலித்தன, பாஸ்கா வந்தது. பல்தசார் தன் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டியவனாக மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டான். ஆனால் எஞ்சினைப் பூட்டும்போது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு கூடவே நின்று, கஸ்பாரின் காதில் விழும்படி, சகலத்திடம் எல்லாவற்றையும் சொன்னான்.

இப்போது வியாகுலம் சிரித்தால் பெண்கள் என்ன விஷயம் என்று கேட்கிறார்கள். புதுப் படகு இறங்கும்போது அவளை முன்னால் நிற்கச் சொல்கிறார்கள், படகு எந்தப் பக்கம் போகிறதென்று அவள் சிரிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது காரணம்.

அந்த நாள் திரும்ப வரவில்லை. வராது என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளியன்று தூம்பா கோயிலுக்குத் திரும்பியபிறகு, வீடுகளில் எரியாத அடுப்பின் மேல் ஒரு பானைத் தண்ணீரை ஏற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் தீப்பெட்டியையும் வைக்கிறார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் ஏனென்று கேட்டால், செண்பகத் திருநாள் வந்தாலும் வரும், வந்தால் தேடிக்கொண்டிருக்கக்கூடாது என்று பதில் கிடைக்கும்.

செண்பகத்துக்கு இப்போது பானையைத் தானே தூக்குகிற வயது. போன பெரிய வெள்ளி சாயங்காலம் அதை அடுப்பில் ஏற்றிவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடி, "நாளைக்கு என்ன நாளும்மா?" என்று கேட்டாள்.

தாளைத் தூக்கி அடியில் பார்க்கப் போன மகளின் கையை வியாகுலம் பிடித்து இழுத்தாள்.

"விடிஞ்சாத் தெரியும். தண்ணி பத்தாது பாரு, இன்னொரு குடம் ஊத்து."